சின்னப்பையனின் வலது கை

செயின் மறுபடியும் கழன்று தொங்கியதும் யாக்கோபுக்குக் காது இரண்டும் சுட்டன. மெஷினைப் பிடித்து அறுத்துக்கொண்டிருந்தவர் சின்னப்பையன்தான். ஆனால் புளியமரத்தைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தது யாக்கோபை. பார்க்காமல் என்ன செய்வார்கள்? காலையிலிருந்து ஸ்பானரும் கையுமாகக் குந்திக்கொண்டு, "இப்ப பாருங்க, இனிமே கழலாது" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னவன் அவன்தானே.

யாக்கோபு மண்ணூர்க்காரன். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவில் ஃபிட்டர். கம்பெனியில் அவனுக்கு மேலே பத்துப் பேர் உண்டு, ஊரில் ஒருவரும் கிடையாது. கிரைண்டர் சுற்றவில்லையா, பம்புசெட் தண்ணீர் இழுக்கவில்லையா, தையல் மெஷின் நூலை அறுக்கிறதா, கூப்பிடு யாக்கோபை. வந்து, கழற்றி, ஊதி, துடைத்து, மாட்டிக் கொடுத்துவிடுவான். காசு வாங்க மாட்டான். "நம்ம யாக்கோபு கைய வெச்சா ஓடும்பா" என்று யாராவது சொன்னால் போதும், அதற்காகச் சுடுசோற்றை விட்டுவிட்டு வருகிற ஆள். தெரியாது என்ற சொல் மட்டும் அவன் வாயிலிருந்து வந்ததே இல்லை.

மரம் அறுக்கிற மெஷின் அவனுக்குத் தெரியாது. அதைத்தான் காலையிலிருந்து சொல்லாமல் இருந்தான்.

மெஷின் கனகத்தினுடையது. கனகம் மரம் வெட்டக் காண்டிராக்ட் எடுப்பவள். புருஷன் போன பிறகு வெட்டுகிற ஆட்களையும் லாரிக்காரர்களையும் வாயாலேயே கட்டி மேய்த்தவள். போன ஆடியில் மெட்ராஸில் ஒரு மர டிப்போவிலிருந்து இதைப் பழையதாக வாங்கி வந்தாள். கயிற்றை இழுத்தால் உறுமும். முன்னால் நீண்ட இரும்புப் பிளேடு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பிளேடின் விளிம்பில் ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்துக்குள் பல் வைத்த செயின் சுற்றிச் சுற்றி ஓடும். பெட்ரோலுக்கு ஒரு டேங்க், செயினுக்குப் போகிற எண்ணெய்க்கு ஒரு டேங்க். இந்த வட்டாரத்தில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று இல்லை. அதைப் பிடிக்க யாரை வைப்பது என்று வந்தபோது, மீசை முறுக்கி நின்ற வாலிபர்களை எல்லாம் தாண்டி அவள் சின்னப்பையனைக் கூப்பிட்டாள்.

சின்னப்பையனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பேரன் எடுத்தாகிவிட்டது, முன்பல் இரண்டு போயாகிவிட்டது, பெயர் மட்டும் வளராமல் நின்றுவிட்டது. பேச்சும் அவ்வளவாகக் கிடையாது. ஆனால் அவர் மெஷினைப் பிடித்தால் கோடு போட்ட மாதிரி அறுப்பார். "அந்தக் கைய வெட்டிக் கண்ணாடிப் பொட்டில வெக்கணும்" என்பாள் கனகம். அதைக் கேட்கும்போதெல்லாம் சின்னப்பையன் அந்தக் கையாலேயே வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு பெயர் கிடைத்தது அப்போதுதான்.

புரட்டாசி வரைக்கும் எல்லாம் நன்றாகவே ஓடியது. தொண்ணூற்றொன்றாம் வருடம் ஆயுத பூஜை வந்தது. யாக்கோபு கர்த்தரை நம்புகிற குடும்பம், அவன் வீட்டில் ஆயுத பூஜை இல்லை. கம்பெனியில் உண்டு. பூஜைக்கு முன்னால் லைனை நிறுத்தி, மெஷினுக்கெல்லாம் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, சொட்டை விழுந்த இடத்தில் பள்ளத்தை அடைக்கிற பட்டி மாவு வைத்துத் தேய்த்து, பெயிண்ட் அடிப்பார்கள். அந்த வேலையில் யாக்கோபு கெட்டிக்காரன். மிச்சமான சில்வர் பெயிண்டையும் பட்டியையும் ஒரு டப்பாவில் வீட்டுக்குக் கொண்டு வந்தான். "என் மெஷினையும் கொஞ்சம் பாத்து வுடு தம்பி" என்று கனகம் கேட்டதும் அவனுக்கு உச்சி குளிர்ந்துபோனது. செயினைக் கழற்றினான், பிளேடைக் கழற்றினான், சுரண்டினான், கழுவினான். பிளேடில் பழைய காயங்கள் நிறைய இருந்தன. ஒன்று விடாமல் பட்டி வைத்து, காயவிட்டு, தேய்த்து, இரண்டு கை பெயிண்ட் அடித்துக் கொடுத்தான். மெஷின் கல்யாணப் பாத்திரம் மாதிரி மின்னியது. கனகம் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, தெருவையே கூப்பிட்டுக் காட்டினாள்.

பூஜைக்குப் பிறகு எடுத்த முதல் வேலை இது. மண்ணூருக்கு வெளியே ஒரு கம்பெனிக்காரர்கள் இடம் வாங்கியிருந்தார்கள். மழை பிடிப்பதற்குள் மதில் எழுப்ப வேண்டும், மரங்கள் போயாக வேண்டும். மதில் வரப்போகிற வரிசையில் புளியமரங்கள். அங்கேதான் செயின் கழல ஆரம்பித்தது. காலையில் மாட்டினால் சரியாக நிற்கும். கொஞ்ச நேரம் அறுத்தால் தொளதொளவென்று தொங்கும். புகை வரும். அப்புறம் பள்ளத்தை விட்டு எகிறி வெளியே வந்துவிடும். கனகம் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிப் பார்த்தாள். அதுவும் ஆடிக்கொண்டுதான் இருந்தது, செயினும் கழன்றுகொண்டுதான் இருந்தது. சனிக்கிழமை யாக்கோபுக்கு லீவு என்று தெரிந்து ஆள் அனுப்பினாள்.

வந்தவன் செயினை இறுக்கினான். கழன்றது. இன்னும் இறுக்கினான். கழன்றது. நட்டு போல்ட்டை எல்லாம் மாற்றினான். அதற்கும் கழன்றது.

"புளியமரம் வைரம் பாஞ்சது, அதான் சூடாவுது" என்றான்.

கனகம் நிழலில் எண்ணெய் டின்னைக் கையில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுல மட்டும் ஒரு நல்லது தம்பி. பூஜ போட்டதுலேர்ந்து மெஷினு எண்ணெயே குடிக்க மாட்டேங்குது. முன்னெல்லாம் பெட்ரோல் ஊத்தறப்பல்லாம் எண்ணெயும் ஊத்தணும். இப்ப ஊத்தினது ஊத்தினபடி கீது. எல்லாம் அம்மன் புண்ணியம்."

"நான் கழுவினப்ப லீக்கு நின்னுருக்கும்க்கா" என்றான் யாக்கோபு. வாய் கூசவில்லை. அந்த ஒரு பாராட்டாவது கிடைக்கட்டும் என்று இருந்தது அவனுக்கு.

அப்போதுதான் செயின் மறுபடியும் கழன்றது. கனகத்தின் அண்ணன் மகன் சிவசங்கர் கையைத் தட்டிச் சிரித்தான். "இன்னா மெக்கானிக்கு, கம்பெனில இப்டித்தான் ரிப்பேரு பாக்கறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். யாக்கோபு ஸ்பானரைக் கீழே வைத்தான். நாக்கு தானாகவே வேலை செய்தது.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல. நான் கழட்டி மாட்டின மெஷினு, எனக்குத் தெரியாதா? கோளாறு புடிக்கிற கைல கீது. நேராப் புடிச்சா ஏன் கழலுது? கை நடுங்குது, பிளேடு ஆடுது, செயினு எகிறுது."

சிரிப்பு நின்றுவிட்டது. கனகம் சந்தேகமாகப் பார்த்தாள். "போன மாசம் வரிக்கும் இதே கைதானே அறுத்துது?"

"வயசு இன்னா கொறஞ்சிக்கினா போவுதுக்கா?"

எல்லார் கண்ணும் சின்னப்பையனிடம் போனது. அவர் சண்டைக்கு வரவில்லை. மெஷினைக் கீழே வைத்துவிட்டு வலது கையை ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். "அப்டியா தம்பி? அழுத்திப் புடிச்சிப் பாக்கறேன்" என்றார். அவ்வளவுதான். யாக்கோபு செயினை மாட்டிக் கொடுத்தான். கண்ணைத் தூக்கி அவரைப் பார்க்கவில்லை.

அழுத்திப் பிடித்தார். செயின் இந்த முறை சும்மா தொங்கவில்லை. எகிறி வந்து அவருடைய வலது புறங்கையைக் கிழித்துவிட்டுத்தான் நின்றது.

ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, கட்டுக் கட்டி அனுப்பினார்கள். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் கனகம் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். "இனிமே நீ மெஷினத் தொடாதண்ணே. திங்கக்கெழமலேர்ந்து சிவசங்கர் புடிக்கட்டும். நீ கையி ஆறினதும் பொம்பளைங்களோட கெளை இழுத்துப் போடு, கூலிக்கு நான் கொற வெக்க மாட்டேன்." அப்புறம் யாக்கோபு பக்கம் திரும்பி, "நீ இத வூட்டுக்கு எடுத்தும்போய் ஒரு தரம் முழுசாப் பாத்துடு" என்று மெஷினை அவன் சைக்கிள் கேரியரில் கட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து யாக்கோபு வெள்ளைச் சட்டையைக் கழற்றிப் போட்டான். பின்கட்டில் சாக்கை விரித்து மெஷினைப் பிரித்தான். அவன் பெண்சாதி மெர்சி அடுப்படியில் கறிக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். எண்ணெய் டேங்க் மூடியைத் திறந்தான். விளிம்பு வரைக்கும் எண்ணெய்.

முதலில் அது அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. பிளேடைத் தொட்டுப் பார்த்தான். விளிம்பில் இரும்பு சூட்டில் நீலம் பாரித்திருந்தது. பள்ளத்துக்குள் விரலை விட்டு எடுத்தான். விரலில் மரத்தூள் ஒட்டியது, பிசுக்கே இல்லை. டேங்கில் இவ்வளவு எண்ணெய் இருக்கிறது, பள்ளத்தில் ஒரு சொட்டு இல்லை. அப்படியென்றால் இங்கேயிருந்து அங்கே போக வழி எங்கே?



பிளேடின் அடிப்பக்கத்தைத் திருப்பினான். மெஷினுக்குள்ளே மறைந்து நிற்கிற பகுதி அது. மரம் உரசாத இடம் என்பதால் அங்கே மட்டும் அவன் அடித்த சில்வர் பெயிண்ட் புத்தம் புதுசாக மின்னிக்கொண்டிருந்தது. மெஷினிலிருந்து எண்ணெய் வருகிற வாய்க்கு எதிரே அந்த இடத்தில் ஓர் ஓட்டை இருந்தாக வேண்டும். தடவினான். வழவழவென்று இருந்தது. அவன்தான் அப்படித் தேய்த்திருந்தான்.

"மெர்சி, ஊக்கு இருந்தா குடு."

அவள் சேலையில் குத்தியிருந்ததை எடுத்துக் கொடுத்தாள். பெயிண்டின் மேல் அழுத்தினான். ஓர் இடத்தில் ஊக்கு உள்ளே இறங்கியது. நெம்பினான். சாம்பல் நிறத்தில் பட்டி பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஓரத்தில் அழுக்குப் படிந்திருந்த எண்ணெய் ஓட்டையைப் பழைய காயம் என்று நினைத்துப் பட்டி வைத்து மூடி, தேய்த்து, பெயிண்டும் அடித்தவன் அவனேதான். எண்ணெய் இல்லாமல் ஓடிய செயின் சூடேறி நீண்டிருக்கிறது. நீண்ட செயின் கழலாமல் என்ன செய்யும்?

"இன்னா ஆச்சு, ஏன் மூஞ்சி இப்டிப் போச்சு?" என்றாள் மெர்சி.

"ஒண்ணுமில்ல. கண்ணுல தூசு."

பொடியை உள்ளங்கையில் திரட்டி, முருங்கை மரத்தடியில் போட்டுக் காலால் மண்ணைத் தள்ளினான். அங்கே யாரும் இல்லை. இருந்தாலும் சுற்றுமுற்றும் பார்த்தான். திருடினவன் பார்க்கிற மாதிரிப் பார்த்தோம் என்று அவனுக்கே தெரிந்தது. கறிச்சோற்றைப் பாதியில் ஒதுக்கிவிட்டு எழுந்தான். கை சரியில்லை, வயசாகிவிட்டது, நடுங்குகிறது என்று எவ்வளவு சுலபமாகச் சொன்னான்! சொன்னபோது அவர் கையை அவன் பார்க்கக்கூட இல்லை. போய்ச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினான். பிறகு சிவசங்கரின் கைதட்டல் காதில் கேட்டது. நாளைக்கு மெஷின் ஓடட்டும், ஓடின பிறகு சமயம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே ஒத்திப்போட்டான்.

சாயங்காலம் மெஷினைக் கனகம் வீட்டில் விடுவதற்குச் சைக்கிளில் போனான். வழியில்தான் சின்னப்பையன் வீடு. வாசலில் ஒரு கட்டையைப் போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கையில் ஒரு சில்வர் தம்ளர். அதில் விளிம்பு வரைக்கும் தண்ணீர். கையை நீட்டி அந்தத் தம்ளரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். யாக்கோபு வேகமாகக் கடந்துவிடலாம் என்று மிதித்தான். அதற்குள் அவர் தலையைத் தூக்கிவிட்டார்.

"இன்னாண்ணே, தண்ணியக் குடிக்காம பாத்துக்கினே கீற?" என்று கேட்டு, சிரித்து, மணியை அடித்துவிட்டுப் போய்விட்டான். அவர் என்ன சொன்னார் என்று அவன் காதில் வாங்கவில்லை.

திங்கட்கிழமை யாக்கோபுக்கு இரண்டாம் ஷிப்டு. கம்பெனி பஸ் மத்தியானத்துக்கு மேல்தான். காலையில் மரத்தடிக்கு வந்துவிட்டான். சிவசங்கர் மெஷினைப் பிடித்தான். செயின் எண்ணெயை வாரி இறைத்துக்கொண்டு ஓடியது. ஒரு புளியமரம் சாய்ந்தது, அடுத்ததும் சாய்ந்தது. செயின் இம்மி நகரவில்லை.

"பாத்தியா!" என்று கனகம் கத்தினாள். "நம்ம யாக்கோபு கைய வெச்சா ஓடும்னேனே!" ஓடிப்போய்ச் சோடா வாங்கிவரச் சொல்லி, அவளே உடைத்து அவன் கையில் கொடுத்தாள். "நீ சொன்னதுதான் தம்பி. கைதான். என் மருமவன் புடிச்சதும் எப்டி ஓடுது பாரு."

சிவசங்கர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். யாக்கோபு சோடாவை ஒரு வாய் குடித்தான். எவ்வளவு நாள் ஏங்கிய வார்த்தை அது! இப்போது அதைக் கேட்டதும் முகத்தில் யாரோ காறி உமிழ்ந்த மாதிரி இருந்தது. சோடாவைக் கீழே வைக்கவும் முடியவில்லை, குடிக்கவும் முடியவில்லை.

சின்னப்பையன் இடது கையால் கிளைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கை ஆறட்டும் என்று கனகம் சொல்லியிருந்தாலும் வந்துவிட்டார். யாக்கோபைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார்.

"உனக்குத்தான் தம்பி நன்றி சொல்லணும்" என்றார்.

"எதுக்குண்ணே?"

"எனக்கே தெரியல பாரு. எங்கப்பனுக்கும் கடைசில கைநடுக்கம் வந்துது. சோத்த வாய்க்குக் கொண்டும்போவ முடியாது, எங்கம்மாதான் ஊட்டுவா. எனக்கு வராதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். நீ சொன்னதுலேர்ந்து தம்ளர்ல தண்ணி ரொப்பிப் புடிச்சிப் புடிச்சிப் பாக்கறேன். கொஞ்ச நேரம் நல்லாத்தான் நிக்குது. அப்பறம் தளும்புது. நேத்து ராத்திரி பூரா பாத்தேன். தளும்புது தம்பி." கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் பொத்திக்கொண்டார். "என் பொஞ்சாதி பாஞ்சாலிகிட்டயும் சொல்லிட்டேன். பாவம், அழுதா. நீ மட்டும் சொல்லலன்னா நான் யாரு தலைமேலயாவது மரத்த தள்ளியிருப்பேன்."

யாக்கோபுக்கு நேற்றுச் சாயங்காலம் பார்த்த தம்ளர் கண் முன்னால் வந்தது. தான் அடித்த மணிச் சத்தமும் கேட்டது. தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாமா என்று இருந்தது.

"அண்ணே, உன் கைல ஒண்ணும் இல்ல. தப்பு என்னுது. எண்ணெ போற ஓட்டைய நான்தான் பட்டி வெச்சு அடச்சிட்டேன். பூஜைக்குப் பெயிண்டு அடிச்சனே, அப்ப."

சின்னப்பையன் பொக்கை வாயால் சிரித்தார். "என்னத் தேத்தறதுக்குச் சொல்ற. போ தம்பி."

யாக்கோபு கனகத்திடம் போனான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மறுபடியும் சொன்னான். அவளும் நம்பவில்லை. "யாருக்கு வரும் இந்த மனசு! அந்த ஆளு மனசு நோவக் கூடாதுன்னு பழியத் தன் தலைல போட்டுக்கிறான் பாரு" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்லி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரோ அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். பொய் சொன்னபோது ஒரு பேச்சில் நம்பியவர்கள், உண்மையைச் சொன்னால் அவனுக்கு மாலை போடத் தயாராக இருந்தார்கள். அவனுக்கு அழுகை முட்டியது.

"சிவசங்கரு, மெஷினக் குடு" என்றான்.

எல்லாரும் பார்க்கத் தரையில் உட்கார்ந்து பிளேடைக் கழற்றினான். ஓட்டையைக் காட்டினான். பீடி பிடித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் தீக்குச்சி வாங்கி, ஓட்டையில் செருகி, மட்டமாக ஒடித்தான். பிளேடையும் செயினையும் திரும்ப மாட்டினான். சரியான அளவுக்கு இறுக்கிக் கனகத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான். பிறகு கயிற்றை இழுத்து, விழுந்து கிடந்த புளிய மரத்தில் பிளேடை வைத்தான்.

முதல் துண்டு ஒழுங்காக அறுந்தது. "நல்லாத்தானே கீது" என்றார்கள். அடுத்ததை அறுத்தான். ரோட்டுப் பக்கம் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துவிட்டு, நின்று பார்த்துவிட்டுப் போனது. அவன் நிமிரவில்லை. இன்னும் ஒன்று. புகை வர ஆரம்பித்தது. செயின் தொய்ந்து பிளேடுக்குக் கீழே ஆடியது. அவனைப் பயம் பிடித்துக்கொண்டது. சின்னப்பையன் இந்தப் பயத்தோடு, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், அழுத்திப் பிடித்தார் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. நிறுத்திவிடலாம் என்று தோன்றியபோதுதான் செயின் படாரென்று எகிறியது. மெஷினைப் போட்டுவிட்டுப் பின்னால் பாய்ந்தவன், மரத்தூளில் மல்லாக்க விழுந்தான். மெஷின் இரண்டு முறை இருமி அடங்கியது.

யாரும் சிரிக்கவில்லை. அவனே எழுந்து, பிளேடைக் கழற்றி, கருகிய தீக்குச்சியைச் சட்டைப் பையிலிருந்த ஊக்கால் நெம்பி எடுத்துக் கனகத்தின் உள்ளங்கையில் வைத்தான்.

அவள் தீக்குச்சியைப் பார்த்தாள், பிளேடைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. "அடப் பாவி! அப்ப எண்ணெ குடிக்கலன்னு நான் சொன்னப்ப இன்னா சொன்ன? லீக்கு நின்னுபோச்சுன்னியே! உன்ன நம்பி அந்த மனுசன் கையக் கிழிச்சிக்கினாரே, நான் வேற ஊருக்கு முன்னால வெச்சி அவர..." அதற்கு மேல் அவளுக்கு வசவுதான் வந்தது. ஒரு வசவு பாக்கி வைக்கவில்லை. யாக்கோபு தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். அது ஒன்றுதான் காலையிலிருந்து அவனுக்குப் பொருத்தமாகக் கிடைத்தது.

சின்னப்பையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சிரிப்பு போயிருந்தது.

"அப்ப என் கைக்கு ஒண்ணுமில்லயா?"

"ஒண்ணுமில்லண்ணே."

"தண்ணி தளும்புதே?"

"அவ்ளோ நேரம் புடிச்சா யாரு கைல இருந்தாலும் தளும்பும்ணே. அதுவும் தையல் போட்ட கை."

அவர் கையை மெல்ல நீட்டி விரல்களைப் பிரித்தார், மடக்கினார். பிறகு கேட்டார். "உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

இதை மட்டும் கேட்டுவிடக் கூடாது என்றுதான் யாக்கோபு வேண்டிக்கொண்டிருந்தான். "நேத்து மத்தியானம்."

"மத்தியானமா." சின்னப்பையன் கட்டுப் போட்ட கையைக் கீழே இறக்கினார். "சாயங்காலம் என் வூட்டாண்ட வந்தியே."

"ஆமாண்ணே."

"ஏன் குடிக்கலன்னு கேட்டியே."

யாக்கோபு தலையை ஆட்டினான். ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவர் அடிக்கிற ஆள் இல்லை.

"எங்கிட்டச் சொல்லிட்ட, சரி. பாஞ்சாலி வூட்லதான் கீறா. போய் அவகிட்டயும் சொல்லிட்டுப் போ" என்றார். சொல்லிவிட்டு மெஷின் பக்கம் போய்க் குந்தி, பிளேடிலிருந்த மரத்தூளை இடது கையால் தட்டிவிட ஆரம்பித்தார். கனகம் சிவசங்கரை மெஷினை விட்டுத் தள்ளி நிற்கச் சொன்னாள்.

யாக்கோபு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனான். ஏறி மிதிக்க மனம் வரவில்லை. பஸ் போய்விட்டது, ஒரு ஷிப்டும் போய்விட்டது, அதுவெல்லாம் அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. நேற்று மணி அடித்துவிட்டுக் கடந்த வாசலில் இன்று ஸ்டாண்டு போட்டு நிறுத்தினான். அந்தக் கட்டை அங்கேயே கிடந்தது.

பாஞ்சாலி வெளியே வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. அவனைப் பார்த்ததும் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். "வா தம்பி. வேலைக்குப் போவலயா? வெயில்ல வந்துக்கிற, இரு." உள்ளே போனவள் தண்ணீர் கொண்டு வந்தாள். அதே சில்வர் தம்ளர். விளிம்பு வரைக்கும் ரொப்பியிருந்தாள். "நல்ல நேரத்துல சொன்ன தம்பி. நீ சொல்லலன்னா எங்களுக்கு எங்க தெரியப்போவுது?"

"அக்கா, அதப் பத்தி ஒண்ணு சொல்லத்தான் வந்தேன்" என்று தம்ளரை வாங்கினான்.

வாங்கிய நிமிடமே தண்ணீர் தளும்பி மணிக்கட்டு வழியாகச் சட்டைக்குள் ஓடியது. இன்னொரு கையையும் கொடுத்துப் பிடித்தான். அப்போதும் நிற்கவில்லை. பாஞ்சாலி அவன் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், சொல்லட்டும் என்று காத்துக்கொண்டு நின்றாள்.